சுற்றாத காது

"கண்ணை மூடாதீங்கம்மா" என்கிறாள் காது டெஸ்ட் எடுக்கிற பெண் பர்வீன். மூடவில்லையடி தாயே, அகலத் திறந்துதான் வைத்திருக்கிறேன், திறந்து என்ன காண, முகத்தில் பாதியை அடைக்கிற கறுப்புக் கண்ணாடியை மாட்டி அதற்கு ஒரு மூடியையும் போட்டுச் சாத்தியவள் நீதானே, உள்ளே அமாவாசை இருட்டு, அந்த இருட்டுக்குள் ஒரு பொடிக் கேமரா உட்கார்ந்து என் கருவிழி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறதாம், என்னால் அதைப் பார்க்க முடியாது, அது என்னைப் பார்க்கும், கான்வென்ட்டில் சிஸ்டர் பெனடிக்டா ஆண்டவரைப் பற்றி எங்களுக்குச் சொல்லித் தந்ததும் ஏறக்குறைய இதுதான். தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்திய கட்டில், ரெக்சின் விரிப்பு முதுகில் ஒட்டுகிறது, காதுக்குக் கீழே ஒரு வளைந்த தட்டைக் கழுத்தோடு அழுத்திப் பிடித்திருக்கிறாள், அது சில்லென்று இருக்கிறது. "முதல்ல வலது காதுல வெதுவெதுப்பாத் தண்ணி விடுவேன், அப்புறம் இடது, அப்புறம் ரெண்டுலயும் குளுந்த தண்ணி. தலை சுத்தும், பயந்துடாதீங்க, கொஞ்ச நேரத்துல தானா நின்னுடும்." சுத்துமாம். இங்கே வருகிற மற்றவர்களுக்குச் சுத்தும், எனக்குச் சுத்தாது, நீயே பார் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன், ஏனென்றால் நான் தயாராகி வந்திருக்கிறேன், பரீட்சைக்குப் படிக்காமல் போகிற பழக்கம் எனக்கு எந்த நாளும் கிடையாது. தண்ணீர் உள்ளே இறங்குகிறது. காதுக்குள் ஆறு ஓடுகிற மாதிரி ஓசை, மண்டைக்குள்ளேயே குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. "பேசிட்டே இருங்கம்மா, பூ பேராச் சொல்லுங்க." எதற்காம்? "மனசு சும்மா இருந்தா கண்ணும் சும்மா நின்னுடும், ரீடிங் வராது." என் மனசா சும்மா இருக்கும், பெண்ணே, அதை நிறுத்த ஏதாவது தண்ணீர் வைத்திருந்தால் அதை விடு. மல்லி, முல்லை, கனகாம்பரம், செவ்வந்தி, சம்பங்கி, அரளி. அரளியில் சிக்கிக்கொள்கிறேன். அரளிக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. "காய்கறி சொல்லுங்க." "ஏம்மா, நான் என்ன மார்க்கெட்டுக்கா வந்திருக்கேன்?" சிரிக்கிறாள், இருட்டில் அந்தச் சிரிப்பு மட்டும் கேட்கிறது, நல்ல சிரிப்பு. சிரித்தபடியே "சுத்துதா?" என்கிறாள். "துளிகூட இல்லை." பொய்யில்லை. எங்கோ தூரத்தில் கரண்டு போன ஃபேன் ஒன்று நின்று போவதற்கு முன்னால் சோம்பலாக ஒரு சுற்று வந்த மாதிரி, அவ்வளவுதான், அதையெல்லாம் சுற்றல் என்று ஒப்புக்கொள்ள முடியாது. அவள் "ம்" என்கிறாள். அந்த "ம்" எனக்குப் பிடிக்கவில்லை.

கொஞ்சம் ஆற விடுகிறாள். அடுத்த காதுக்குப் போவதற்கு முன்னால் முதல் காது அடங்க வேண்டுமாம். அடங்குகிறவரை இருட்டிலேயே கிட. வெளியே வராந்தாவில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார், மடியில் மஞ்சள் பை, பைக்குள் தண்ணீர் பாட்டில், எலுமிச்சம்பழம், நான் வாந்தி எடுத்தால் பிடிக்க மடித்து வைத்த பிளாஸ்டிக் கவர்கள். மனுஷர் கவர் மடிப்பதில் கெட்டிக்காரர், சமோசா மாதிரி முக்கோணமாக மடிப்பார். எனக்குத் தலை சுற்றுவதைத் தெருவில் அத்தனை பேரும் பித்தம் பித்தம் என்றார்கள், இஞ்சியைத் தட்டிக் குடி, நல்லெண்ணெய் தேய், பித்தமாம், என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து எனக்குப் பித்தம்தான் என்று அவருக்கும் சந்தேகம் இருந்திருக்கும், கேட்டதில்லை. போன வாரம் சாப்பாட்டு மேசையில் ரசத்தைப் பார்த்தபடி சொன்னார், என்னைப் பார்க்காமல்: "வசு, டெஸ்ட் பண்ணிப் பார்த்துடுவோம். தூக்கலாம்னு வந்தா நீ தூக்கு, நான் ஒரு வார்த்தை பேசல. கூடாதுன்னு வந்தா நீ பேசக் கூடாது." பேசக் கூடாதாம், என்னை. சரி என்றேன். சரி என்று சொன்ன வேகத்தில் அவருக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். தூக்குவது என்றால் மூட்டையை இல்லை, எங்கள் நித்திலாவை. பிறந்தபோது மூச்சு வரத் தாமதமான குழந்தை, நடக்கவில்லை, இருபத்திரண்டு வயசில் இன்னும் நடக்கவில்லை, இனிமேல் நடக்க அவசியமும் இல்லை என்று அவளே சொல்வாள், "நடந்து எங்க போகணும், ரேஷன் கடைக்கா?" காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து பாத்ரூம் ஸ்டூலுக்கு, மறுபடி நாற்காலிக்கு, மதியம் கட்டிலுக்கு. அக்குளுக்குள் கையைக் கொடுத்து, அவள் முழங்காலுக்கு என் முழங்காலை முட்டுக் கொடுத்து, மூச்சைப் பிடித்து எழுப்பி, அரைச் சுற்றுத் திரும்பி இறக்க வேண்டும். எல்லா வித்தையும் அந்த அரைச் சுற்றில்தான். ஆயா வைத்துப் பார்த்தோம், ஒருத்தி நித்திலா எதிரிலேயே "இது உசுரோட இருந்து என்னத்துக்கு" என்றாள், அன்றைக்கே கணக்கை முடித்தேன். வெளிநாட்டில் தூக்குவதற்கு மெஷின் இருக்கிறதாம், எங்கள் பாத்ரூம் வாசலில் வாளியே இடித்துக்கொண்டுதான் நுழையும். அவரால் முடியாது, நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனுஷர், முடிந்தாலும் அவள் விடமாட்டாள், "அப்பா, வெளிய" என்பாள், அவர் செருப்பைக்கூடப் போடாமல் ஓடுவார்.

"இப்ப இடது காதும்மா. உங்க வீட்டுல யார் யார் இருக்காங்க, அதைச் சொல்லுங்க." பார், எதை விட்டு எதைக் கேட்கிறாள். தண்ணீர் சூடாக நுழைகிறது. வீட்டுக்காரர் தணிகாசலம், பெண் நித்திலா, நான். இன்றைக்கு மட்டும் நாத்தனார், துணைக்கு வந்திருக்கிறாள். "பொண்ணு என்ன பண்றாங்க?" என்ன பண்ணுகிறாளா? கிரிக்கெட் பார்க்கிறாள், அம்பயரைத் திட்டுகிறாள், என்னையும் திட்டுகிறாள். "சுத்துதா?" இல்லை, இல்லை. அன்றைக்குச் சுற்றியது, அது சுற்றல். ஈரத் தலையோடு அவளை ஸ்டூலிலிருந்து எழுப்பிவிட்டேன், அரைச் சுற்றில் இருக்கிறேன், திடீரென்று பாத்ரூம் சுவரை யாரோ தோசையைத் திருப்புகிற மாதிரி திருப்பிவிட்டார்கள், டைல்ஸ் மேலே போனது, விளக்கு காலடிக்கு வந்தது, எந்தக் கை என்னுடையது எந்தக் கை அவளுடையது என்று தெரியாமல் இரண்டு பேரும் விழுந்தோம், அவள் மேலே நான் விழவில்லை, அந்த ஒரு புண்ணியம், அவள்தான் என் மேலே. வாளி உருண்ட சத்தம் நின்ற பிறகும் எனக்கு உருண்டுகொண்டே இருந்தது. அவளுக்கு முன்பல் பாதி உடைந்துவிட்டது. உதட்டிலிருந்து ரத்தம் என் கழுத்தில் சொட்டுகிறது, நான் "நித்தி, நித்தி" என்று கத்துகிறேன், அவள் வாயைக் கோணி மெதுவாக, அவள் பேச்சு எப்போதும் மெதுவாகத்தான் வரும், "ம்மா... இன்னொரு ரவுண்டு" என்றாள். பொருட்காட்சி ராட்டினத்தில் இறங்கும்போது கேட்பாளே, அப்படி. சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர் கதவைத் தட்டித் தட்டி, "யாராச்சும் பேசுங்களேன்" என்று அழுதது எனக்கு அப்புறம்தான் காதில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிப் போய், நித்தியைப் போன்ற பிள்ளைகளை வைத்துப் பார்க்கிற ஒரு ஹோமைப் பார்த்துவிட்டு வந்தார், மலையடிவாரத்தில், சிஸ்டர்கள் நடத்துவது. "சாய்வுப் பாதை போட்டிருக்காங்க வசு, எங்க பார்த்தாலும் பிடிக்கக் கம்பி, மரம் நிறைய." மரம் நிறையவாம். என் பெண் என்ன அணிலா? ஒரு கட்டில் காலியாகியிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் நமக்காக வைத்திருப்பார்கள் என்றார். அந்தக் கட்டில் எப்படிக் காலியாயிற்று என்று நான் கேட்கவில்லை.

குளிர்ந்த தண்ணீர். ஐயோ. பல்லெல்லாம் கூசுகிறது, காதில் விட்டால் பல் ஏன் கூசுகிறது. "ஊர் பேரு சொல்லுங்கம்மா, க-வுல ஆரம்பிக்கணும்." கரூர், கும்பகோணம், கோயம்புத்தூர், காரைக்குடி, குளித்தலை. சுற்றவில்லை. இதோ மூன்றாவதும் தாண்டிவிட்டேன். வாய்தான் வறண்டு கிடக்கிறது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது, அது அந்த மாத்திரை செய்கிற வேலை. சொன்னால் என்ன, இந்த இருட்டில் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்: டெஸ்டுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாலேயே தலைசுற்றல் மாத்திரையை நிறுத்திடணும் என்று இதே பர்வீன்தான் ஃபோனில் சொன்னாள், நான் நிறுத்தவில்லை. நிறுத்தவில்லை மட்டுமில்லை, இன்றைக்கு விடியற்காலையில் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டேன். சமையலறையில் விளக்குப் போடாமல் டம்ளரைத் தேடியபோது கூடத்துக் கட்டிலிலிருந்து குரல் வந்தது, "கள்ளி." அவளுக்குத் தூக்கமே கிடையாது, ஆந்தை. "யாருடி கள்ளி?" "நீதான்... மாத்திரை... போடறே." "அப்பாகிட்டச் சொல்லாதே." யோசித்தாள். "ஐஸ்கிரீம்" என்றாள். பேரம் முடிந்தது. இதில் என்ன தப்பு என்றுதான் எனக்குத் தோன்றியது, இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது, பரீட்சை என்றால் பாஸ் பண்ணத்தானே, தலைசுற்றல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், தலை சுற்றாமல் இருக்க மாத்திரை இருக்கிறது, போட்டுக்கொண்டு போய்ப் படுத்தால் சுற்றாது, சுற்றவில்லை என்றால் தூக்கலாம், எந்தச் சிஸ்டர் என் கணக்கைத் திருத்தினாலும் இதில் சிவப்பு மை வைக்க முடியாது. காப்பியடித்ததில்லை நான். ஒரு வகுப்பிலும் தோற்றதில்லை. பக்கத்தில் உட்கார்ந்தவள் எட்டிப் பார்த்தால் கையால் மறைத்துக்கொள்வேன், அவ்வளவு கெட்டவள். நாலாவது தண்ணீர் இடது காதுக்குள் போகிறது, அது போனதாகக்கூட அந்தக் காதுக்குத் தெரியவில்லை, செவிட்டுச் சுவரில் ஊற்றின மாதிரி. தெரியாவிட்டால் போகட்டும். முடிந்தது. பாஸ். மூடியைக் கழற்றுகிறாள், வெளிச்சம் குத்துகிறது. சின்னப் பெண், தலையில் பூப்போட்ட துணி சுற்றியிருக்கிறாள், கம்ப்யூட்டர் திரையில் கோடுகளைப் பார்த்தபடி உதட்டைக் கடிக்கிறாள். "எப்படி?" என்கிறேன், மார்க் ஷீட்டை வாங்க நிற்கிறவள் குரலில், எனக்கே கேட்கிறது. "நீங்க எதுக்குமே சுத்தலைன்னு சொன்னீங்களேம்மா..." "சுத்தல." அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். "சுத்தணும்மா. நல்லா இருக்கற காதுல சூடோ குளிரோ பட்டா தலை சுத்தும், எனக்கு விட்டாலும் சுத்தும், யாருக்கு விட்டாலும் சுத்தும். சுத்தலைன்னாதான் காது வேலை செய்யலைன்னு அர்த்தம்."

என்னடி பரீட்சை இது. விழுந்தவன் ஜெயித்தான், நின்றவன் தோற்றான் என்று எங்கேயாவது உண்டா? வாயைத் திறக்கிறேன், நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அவள் எழுந்து கதவைத் திறந்து "சார், உள்ள வாங்க" என்கிறாள், அவர் மஞ்சள் பையோடு வருகிறார், வந்ததும் என் முகத்தைத்தான் பார்க்கிறார், பார்த்துவிட்டு ஒரு கவரை உருவுகிறார். வேண்டாம், வாந்தி இல்லை, உள்ளே வையுங்கள். "மாத்திரையை நிறுத்திட்டுத்தானே வந்தீங்க?" என்று கேட்கிறாள் பர்வீன், என்னிடம்தான் கேட்கிறாள், நான் "நிறுத்தியாச்சு" என்கிறேன், அது தானாக வந்துவிட்டது, அதற்குமேல் அவர் வேறு, கேட்கவே வேண்டாத மனுஷர், "அதெல்லாம் அவ கரெக்டா இருப்பா மேடம். ஒரு விஷயம் சொன்னா சொன்னபடி செய்வா" என்கிறார். முப்பது வருஷத்தில் என்னை நாலு பேர் எதிரில் பாராட்டியதே இல்லை, இன்றைக்கா கிடைத்தது. அவள் மெல்லச் சொல்கிறாள், கெட்ட சேதி சொல்லிப் பழகினவள் போல, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைக்கிறாள்: டாக்டர் பார்த்துத்தான் முடிவு சொல்வார், ஆனால் ரெண்டு பக்கமும் ரொம்பக் கம்மியாத்தான் வருது, ரெண்டு பக்கமும் போயிருந்தா எக்சர்சைஸ் செஞ்சு கொஞ்சம் பழகிக்கலாம், ஆனா இருட்டுல தனியா நடக்கக் கூடாது, மாடிப்படி கவனம், வண்டி ஓட்டக் கூடாது, வெயிட் தூக்கறது எல்லாம் யோசிக்கவே வேண்டாம். தூக்கறது என்கிற சொல் வந்ததும் நான் அவரைப் பார்க்கிறேன். இதோ, ஜெயித்துவிட்டார், இப்போது கண்ணில் அது தெரியும் என்று பார்க்கிறேன். அது இல்லை. அவர் உதடு அசைகிறது, பையின் காதைத் திருகிக்கொண்டே நிற்கிறார். "அப்போ இவளையும்..." என்று தொடங்கி நிறுத்துகிறார். இவளையும். அந்த "உம்" எனக்குப் புரிகிறது. படுத்துக்கிடக்கிறவள் ஒருத்தி இருக்கிறாள், இப்போது பக்கத்தில் இன்னொருத்தி, நடுவில் நெஞ்சில் கம்பி வைத்த கிழவர், ராத்திரி யாரை எழுப்புவது, யாரைப் பிடிப்பது, தான் போய்விட்டால் எந்த ஹோமில் இரண்டு கட்டில் கேட்பது, இத்தனையும் அந்த முகத்தில் ஓடுகிறது, எந்தக் கேமராவும் வேண்டாம், நான் படிப்பேன். அவர் கை வந்து என் தலையில் படுகிறது, ஈரக் காதுக்கு மேல், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. சனியன் பிடித்த கை. அதை மட்டும் வைக்காமல் இருந்திருக்கலாம். "ரெண்டு மாத்திரை போட்டேன்" என்கிறேன். "எப்போ?" என்கிறாள் பர்வீன். "காலையில." "ஏம்மா?" "பாஸ் ஆகணும்னு." யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், அது சுலபம். அவர் கை அங்கேயேதான் இருக்கிறது, கொஞ்சம் கனம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

"இது பாஸ் பண்ற டெஸ்ட் இல்லம்மா" என்கிறாள் அந்தப் பெண், திட்டாமல். மாத்திரையின் வேலையாகவும் இருக்கலாம், தண்ணி டெஸ்டை இன்னொரு நாள் மறுபடி செய்யணும், மாத்திரை இல்லாமல், அன்றைக்குச் சுத்தும், நல்லாவே சுத்தும். வந்ததும் வந்தீங்க, ஒண்ணு மட்டும் பாத்துடலாம், செருப்பைக் கழட்டிட்டு வாங்க. தரையில் டேப்பால் ஒரு கூட்டல் குறி ஒட்டியிருக்கிறது, அதன் மேல் நிற்கச் சொல்கிறாள், முன்னால் அவள், அவளுக்குப் பின்னால் கம்ப்யூட்டர். கையை முன்னால் நீட்டணும், கண்ணை மூடிக்கிட்டு, இருக்கற எடத்துலயே நடக்கணும். இவ்வளவுதானா? என்னிடமா? பள்ளிக்கூட டிரில்லில் என் பேட்ச் முழுவதற்கும் நான்தான் லீடர், மார்க் டைம் என்றால் நின்ற இடத்தில் நிலம் அதிர வேண்டும், வெள்ளை கேன்வாஸ் ஷூவுக்குப் பவுடர் பூசி, முழங்காலை இடுப்பு வரைக்கும் தூக்கி, பக்கத்து வரிசை தடுமாறினாலும் என் வரிசை நூல் பிடித்த மாதிரி நிற்கும். கண்ணை மூடுகிறேன். லெஃப்ட், ரைட், லெஃப்ட். இது என் சொந்த இருட்டு, கேமரா இல்லாத இருட்டு. பாதத்தில் தரை குளிர்கிறது. தலை சுற்றவில்லை, ஒன்றும் சுற்றவில்லை, நேராக இருக்கிறேன், முதுகு நேர், தோள் நேர், முகவாய் தூக்கி, நேரே என் எதிரில் அந்தப் பெண், அவளுக்குப் பின்னால் கம்ப்யூட்டர். இதுபோதும், இதுபோல நின்றால் போதும், தூக்குவேன், நாளைக்குக் காலையில் தூக்குவேன், அரைச் சுற்றை இரண்டு கால் சுற்றாகப் பிரித்துக்கொள்வேன், சுவரில் கம்பி அடித்துக்கொள்வேன், ஞாயிற்றுக்கிழமை போகட்டும், அந்தக் கட்டிலை வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும், லெஃப்ட், ரைட், வியர்க்கிறது, வியர்க்கட்டும். "போதும்மா, நில்லுங்க. கண்ணைத் திறக்காம சொல்லுங்க, எந்தப் பக்கம் பார்த்து நிக்கறீங்க?" என்ன கேள்வி இது. "உன்னைப் பார்த்துத்தான். நேரா." அவள் குரல் கேட்டது எங்கிருந்து என்று இப்போதுதான் உறைக்கிறது, முன்னாலிருந்து இல்லை, வலது தோளுக்குப் பின்னால் எங்கோ. "கண்ணைத் திறங்க."

எதிரே ஜன்னல். ஜன்னலை நான் வந்ததிலிருந்து பார்த்ததே இல்லை, அது என் இடது பக்கத்துக்கும் பின்னால் இருந்திருக்கிறது. கீழே பார்க்கிறேன், கூட்டல் குறி காலடியில் இல்லை, நாலடி தள்ளிக் கிடக்கிறது. திரும்பவே இல்லையே நான். திரும்பினால் தெரியாதா? தெரியவில்லை. அதுதான், அதுதான், சுவர் தோசையாகத் திரும்பினாலாவது விழப்போகிறேன் என்று தெரியும், அவளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன், இது ஒன்றுமே சொல்லாமல், சத்தமில்லாமல், நேராக நிற்கிறாய் நேராக நிற்கிறாய் என்று காதில் ஓதிக்கொண்டே என்னைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது, கையில் அவள் இருந்திருந்தால் நாற்காலி என்று நினைத்து வெறும் காற்றில் இறக்கியிருப்பேன், சிரித்துக்கொண்டே விழுந்திருப்பாள். பர்வீன் பின்னாலிருந்து ஏதோ சொல்கிறாள், இதை மட்டும் வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா, மாத்திரை வேற இருக்கு, அடுத்த தடவை சரியாப் பார்ப்போம் என்று. நல்ல பெண். ஜன்னலுக்கும் எனக்கும் நடுவே அவர் நிற்கிறார். பையைத் தரையில் போட்டுவிட்டார், இரண்டு கையையும் விரித்து, முழங்காலை மடக்கி, என்னைத் தொடாமல், நான் திரும்பிய பக்கமெல்லாம் என் கூடவே வந்திருக்கிறார் போலிருக்கிறது, மூச்சு வாங்குகிறது, நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனுஷர். சாப்பாட்டு மேசையில் போட்ட பந்தயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத்தான் பேச வேண்டியிருக்கிறது. "தலையணையை நம்ம வீட்டுலேர்ந்தே கொண்டு போயிடணும்" என்கிறேன். அவருக்குப் புரியவில்லை. "எந்தத் தலையணை?" "நித்தியோடதுதான், வேற எது. அந்த ஹோம்ல சிஸ்டருங்க குடுக்கற தலையணை எல்லாம் கருங்கல்லு. ஹாஸ்டல்ல படுத்தவ நான், எனக்குத் தெரியும். அவ கழுத்துக்கு அது ஆகாது." ஜன்னல் வெளிச்சத்தில் அவர் கண்ணாடி நனைந்திருக்கிறது. "கையை இறக்குங்க" என்கிறேன், "அந்தப் பொண்ணு பார்க்குது. நான் விழமாட்டேன்." அவர் இறக்கவில்லை.